ஃப்ளை லைன் மிதக்கவில்லையா? கழுவிப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரில் யீஷூனில் இருக்கிறேன். வார இறுதியில் லோவர் சிலேத்தார் நீர்த்தேக்கத்தில் பீகாக் பாஸ் மீனுக்கு ஃப்ளை, அதாவது இறகும் நூலும் கட்டிய செயற்கை இரை, போடுவேன். போன வருஷம் வாங்கிய 8 வெய்ட் (எடை எண் 8) ஃப்ளோட்டிங் லைன், அதாவது மிதக்கும் தூண்டில் கயிறு, முன்பெல்லாம் ராடில் (தூண்டில் கோலில்) இருக்கும் கைடு வளையங்கள் வழியாகச் சர்ரென்று ஓடும். இப்போது ஒட்டிக்கொண்டு பாதியிலேயே நின்றுவிடுகிறது. முனையில் நாலைந்து அடி தண்ணீருக்குள் போய்விடுகிறது. லைனை விற்றவர், “கோட்டிங் போய்விட்டது, 60 வெள்ளி கொடுங்கள், புதுசாக ஏற்றித் தருகிறேன்” என்கிறார். நண்பரோ டபிள்யூடி-40 தடவினால் சரியாகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது, சார்?

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்காதீர்கள். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். “லைனைக் கழுவினேன்” என்று ஓர் இடத்தில்கூட இல்லை. ஒட்டுவது, நிற்பது, முனை மூழ்குவது மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அழுக்கு.

லைனுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், போதும். நடுவில் மெல்லிய நைலான் இழை. அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு, பெரும்பாலும் பிவிசி. பிவிசி தண்ணீரைவிடக் கனமானது, தனியாகப் போட்டால் மூழ்கிவிடும். அதனால்தான் கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடியான வெற்றுக் கண்ணாடி உருண்டைகளைப் பூச்சுக்குள் கலக்கிறார்கள். மிதப்பது அவற்றால்தான். அவற்றோடு பூச்சை மென்மையாக வைத்திருக்கும் ஒரு பொருளும் வழுவழுப்புத் தரும் ஒரு பொருளும் இருக்கும். வழுவழுப்பு உள்ளேயிருந்து மெல்லக் கசிந்து மேலே வரும்படிதான் நல்ல லைன்களைச் செய்கிறார்கள். மேலே அழுக்கு அடைத்துக்கொண்டால் அது வெளியே வர வழி ஏது?

நம் நீர்த்தேக்கத் தண்ணீர் வருஷம் முழுக்க வெதுவெதுப்பாகவே இருக்கும். பாசிக்கு ஓய்வே கிடையாது. ஒவ்வொரு முறை லைனை இழுக்கும்போதும் மெல்லிய பாசிப் படலம் ஒட்டுகிறது, ரீலில் சுற்றிய பிறகு அப்படியே காய்கிறது. அடுத்த முறை அதன்மேல் இன்னொரு படலம். கரையில் காலடியில் குவித்துப் போடும்போது மண்ணும் சேர்கிறது. சுத்தமான பூச்சில் தண்ணீர் ஒட்டாமல் வழிந்துவிடும். பாசி படிந்த பூச்சோ தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். முனைதான் லைனிலேயே மெல்லிய பகுதி. அதற்கு மிதக்கும் சக்தி குறைவு, அதனால் முதலில் மூழ்குவதும் அதுதான்.

அந்த 60 வெள்ளி விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பேச்சு எனக்குப் புதிதல்ல, கேட்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது. ஃப்ளை லைனுக்கு மறுபடி கோட்டிங் ஏற்ற முடியாது. வீட்டிலும் முடியாது, கடையின் பின்னறையிலும் முடியாது. உள்ளே இருக்கும் இழை முழு நீளத்துக்கும் ஒரே கனம். முன்பக்கம் தடித்து, முனையிலும் பின்னாலும் மெலியும் அந்த வடிவம், அதாவது டேப்பர், முழுக்க முழுக்கப் பூச்சின் கனத்தால் வருவது. தொழிற்சாலையில் இயந்திரம் அங்குலம் அங்குலமாகக் கனத்தை மாற்றிக்கொண்டே பூசுகிறது. 8 வெய்ட் என்றால் முதல் 30 அடி சுமார் 210 கிரெய்ன், அதாவது 13.6 கிராம் இருக்க வேண்டும் என்று அளவே இருக்கிறது. கையால் ஒரு பூச்சு பூசி இதையெல்லாம் திரும்பக் கொண்டுவந்துவிடலாம் என்பவர், ஒன்று தெரியாமல் பேசுகிறார் அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துப் பேசுகிறார்.

அவர்கள் உண்மையில் செய்வது என்ன? லைனைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவார்கள். பிறகு சிலிக்கான் எண்ணெயைத் தாராளமாகத் தடவித் தருவார்கள். அன்றைக்கு லைன் பளபளக்கும், நன்றாகவும் ஓடும். காரணம் கழுவியது, எண்ணெய் அல்ல. துடைக்காமல் விட்ட எண்ணெயில் அடுத்த முறையே தூசி முழுக்க வந்து ஒட்டும். இரண்டு மாதத்தில் மறுபடி அவரிடமே போய் நிற்பீர்கள். இணையத்தில் “ஒருமுறைதான் பயன்படுத்தியது” என்று விற்கும் பழைய லைன்களையும் இதே எண்ணெயில் முக்கி எடுத்துப் படம் பிடிக்கிறார்கள். பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். முனையிலிருந்து முதல் பத்து மீட்டரை விரலால் வளைத்து, பூச்சில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து வாங்குங்கள்.

டபிள்யூடி-40 வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது பெட்ரோலியக் கரைப்பான். பூச்சை மென்மையாக வைத்திருக்கும் பொருளையே அது வெளியே இழுத்துவிடும். தடவிய அன்று நன்றாகத்தான் இருக்கும், நாளாக ஆகப் பூச்சு விறைத்து வெடிக்கும். கார் டேஷ்போர்டுக்குப் போடும் பாலிஷும் வேண்டாம்.

சரி, கழுவும் முறை. சமையலறைத் தொட்டியைத் துடைத்துவிட்டு, இரண்டு பிளாஸ்டிக் பேசின் எடுத்துக்கொள்ளுங்கள். வெந்நீரில் கழுவு என்று குளிர்நாட்டுக்காரர்கள் எழுதுவதைப் பார்த்துத் தண்ணீரைக் காய்ச்ச வேண்டாம், நம் குழாய்த் தண்ணீரே போதும். முதல் பேசினில் குழந்தைச் சோப்போ சாதாரணக் கைச்சோப்போ சில துளி. கறை நீக்கும் துணித்தூள், ப்ளீச் எதுவும் கூடாது. லைனை ரீலிலிருந்து உருவிப் பெரிய வளையங்களாக அதில் விடுங்கள். கடைசியாக விழுந்த வளையம் மேலே இருக்க வேண்டும், கிளறாதீர்கள், கிளறினால் சிக்கு எடுக்கவே ஒரு மாலைப்பொழுது போய்விடும். அரைமணி நேரம் ஊறட்டும்.

பிறகு மெல்லிய மைக்ரோஃபைபர் துணியை நாலாக மடித்து, லைனை அதற்குள் வைத்து இரண்டு விரலால் லேசாகப் பிடித்து இழுத்துக்கொண்டே, நல்ல தண்ணீர் இருக்கும் இரண்டாவது பேசினுக்குள் விடுங்கள். நாலைந்து மீட்டர் போனதும் துணியைப் பிரித்துப் பாருங்கள். பென்சிலால் கோடு போட்டது போல, பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு வரி விழுந்திருக்கும். மடிப்பை மாற்றி அடுத்த பகுதியைத் துடையுங்கள். துணியில் கோடு விழாமல் வரும்வரை செய்ய வேண்டும், இரண்டு சுற்று பிடிக்கலாம். நல்ல தண்ணீரை ஒருமுறை மாற்றி மறுபடி அலசுங்கள். சோப்பு மிச்சம் இருந்தால் லைன் நிச்சயம் மூழ்கும். அவசரத்தில் பலர் கோட்டை விடுவது இந்த அலசலில்தான்.

காய வைப்பது வீட்டுக்குள், நிழலில். சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணியோடு தொங்கவிடாதீர்கள், வெயில் பூச்சுக்கு எதிரி.

காய்ந்த பிறகுதான் டிரெஸ்ஸிங், அதாவது வழுவழுப்புத் திரவம். லைன் தயாரிக்கும் நிறுவனங்களே விற்பதை மட்டும் வாங்குங்கள். ஒரு சின்ன பாட்டில் நெடுநாள் வரும். துணியில் பட்டாணி அளவு விட்டு, லைனை ஒருமுறை உருவி, அரைமணி விட்டு, சுத்தமான துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். கையில் பிசுபிசுப்பு தெரிந்தால் இன்னும் துடைக்கவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் டிரெஸ்ஸிங் தேவையில்லை. கழுவுவதுதான் முக்கியம்: இரண்டு மூன்று தடவை போய்வந்தால் ஒருமுறை. சாங்கிப் பக்கம் கடலில் போட்டிருந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு வீட்டில் இருக்கும் எல்லா லைனுக்கும் டிரெஸ்ஸிங் தடவுவீர்கள். மூழ்கும் லைனுக்கு மிதக்க வைக்கும் டிரெஸ்ஸிங் கூடாது. சிங்கிங் லைனில் கண்ணாடி உருண்டைக்குப் பதிலாக டங்ஸ்டன் பொடி இருக்கும். அது சீராக மூழ்கத்தான் செய்யப்பட்டது. அதன்மேல் தண்ணீரை விரட்டும் திரவத்தைத் தடவினால் மேல்மட்டத்திலேயே தொங்கி, திட்டுத் திட்டாக மூழ்கும், மீன் இருக்கும் ஆழத்துக்கு ஃப்ளை போகாது. மெதுவாக மூழ்கும் இன்டர்மீடியட் லைனுக்கும் இதே கதிதான், சொல்லப்போனால் இன்னும் மோசம், அதற்கு மூழ்கும் சக்தியே கொஞ்சம்தான். இவற்றைச் சோப்பில் கழுவுங்கள், அலசுங்கள், காய வையுங்கள், அதோடு நிறுத்துங்கள். முன்பாதி மூழ்கிப் பின்பாதி மிதக்கும் சிங்க் டிப் லைன் வைத்திருந்தால், நிறம் மாறும் இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பின்னால் இருக்கும் மிதக்கும் பகுதிக்கு மட்டும் தடவுங்கள். முன்பகுதியைத் தொடவே வேண்டாம். பாட்டில் லேபிளில் மூழ்கும் லைனுக்கும் ஏற்றது என்று அவர்களே போட்டிருந்தால் மட்டும் தடவலாம்.

டெங்கிக்காகக் கொசு மருந்து பூசாமல் தண்ணீர்க் கரையில் நிற்க முடியாது, நிற்கவும் கூடாது. ஆனால் பல மருந்துகளில் இருக்கும் டீட் என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கை இளக்கும். அதைப் பூசிய உள்ளங்கையால் லைனை இழுத்தால் பூச்சு அங்கேயே பிசுபிசுக்கத் தொடங்கும். நீங்கள் சொல்லும் ஒட்டலில் இதற்கும் பங்கு இருக்கலாம். பிக்காரிடின் உள்ள மருந்தாக வாங்குங்கள், கொசுவுக்கும் அது போதும், பிளாஸ்டிக்கையும் கெடுக்காது. வெயில் கிரீமைப் புறங்கையால் பூசுங்கள், இல்லாவிட்டால் பூசிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் ரீலை விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

அப்புறம், லைனைக் கழுவிய கையோடு ராடின் கைடுகளையும் பாருங்கள். காதுக் குச்சியின் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுற்றி எடுங்கள், நுனி வளையத்தில் இரண்டு முறை. பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அங்கே உலோகம் தேய்ந்து கீறல் விழுந்திருக்கிறது. அது புது லைனையும் அறுத்துவிடும், அந்த வளையத்தை மாற்றியே ஆக வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் முனை மட்டும் மூழ்கினால், லீடர் (லைன் முனையையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய நரம்பு) சேரும் இடத்தில் பூச்சு வெடித்து, தண்ணீர் உள்ளே இழைக்குள் ஏறுகிறது. வெடித்த அந்தச் சில அங்குலத்தை வெட்டிவிட்டுப் புது முடிச்சுப் போடுங்கள். முதல் பத்து மீட்டர் முழுக்கவே வெடிப்பு என்றால் லைன் முடிந்துவிட்டது, அதற்கு மருந்து இல்லை.

இன்னொன்றையும் சோதியுங்கள். கழுவிய லைன் காலை ஏழு மணிக்கு நன்றாக ஓடி, நடுப்பகலில் மட்டும் துவண்டு ஒட்டுகிறதா? அப்படியானால் உங்களுக்கு விற்றது குளிர்த்தண்ணீர் லைன். ட்ரவுட் மீனுக்காகச் செய்த அந்தப் பூச்சும் இழையும் நம் ஊர் 32 டிகிரியில் இளகிவிடும். அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. வருஷம் முழுக்க வெயில் அடிக்கும் ஊரில் இந்த லைனை அடுக்கி வைத்து விற்கிறார்கள், எதற்கு எது என்று வாங்குபவரிடம் சொல்வதில்லை. பெட்டிமேல் அந்த விவரம் எறும்பு எழுத்தில் இருக்கும், பெரும்பாலான பெட்டிகளில் எப்போது செய்தது என்ற தேதியே கிடையாது. வெளிநாட்டில் தருவிக்கலாம் என்றால் தபால் செலவு, அதன்மேல் 2023 முதல் 400 வெள்ளிக்கு உட்பட்ட பார்சலுக்கும் ஜிஎஸ்டி, இப்போது அது 9 விழுக்காடு. இத்தனை கொடுத்து வாங்குபவருக்கு எந்த வெப்பத்துக்கு ஏற்றது என்று பெரிய எழுத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

புது லைன் வாங்கத்தான் வேண்டும் என்றால் பெட்டியில் ‘டிராப்பிக்கல்’ என்றோ ‘வார்ம்வாட்டர்’ என்றோ இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பார்த்து வாங்குங்கள், விற்பவரின் வாய்வார்த்தை போதாது. ஆனால் முதலில் இந்த வாரமே பழைய லைனைக் கழுவுங்கள். விற்றவரிடம் அதைக் கொடுத்துவிட்டிருந்தால், எண்ணெயில் முக்குவதற்கு முன் போய் வாங்கிவந்துவிடுங்கள்.