பாட்டியின் கப்பலில் செல்விக்கு இடமில்லை

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியை நான். 15 வயது செல்வியை வைத்து ஓர் இளையோர் நாவல் எழுதியிருக்கிறேன். பாட்டி 1973இல் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். அம்மா எஸ்டேட்டில் இலை பறிப்பவர். தான் யார் என்று செல்வி கண்டுகொண்டு தைரியம் பெறுவதுதான் கதை. முதல் ஆறு அத்தியாயம் பாட்டி கப்பலேறி தனுஷ்கோடியில் வந்திறங்கிய வரலாறு. 17ஆம் அத்தியாயத்தில் டீச்சர் பேசி செல்வியின் மனத்தை மாற்றுகிறார். முடிவில் அவள் மாவட்டப் பேச்சுப் போட்டியில் ஜெயிக்கிறாள். மொத்தம் 22 அத்தியாயம், 38 ஆயிரம் சொல். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரிடம் கொடுத்தேன். ‘நல்லா இருக்கு மிஸ்’ என்றார்கள். ஆனால் ஒருத்தியும் ஐந்தாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. எங்கே தவறு? முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.
- பெயர் வேண்டாம், நீலகிரி மாவட்டம்

பதில்: பிள்ளைகள் சரியான இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். ஐந்து அத்தியாயம் படித்த பிறகும் செல்வி எதுவும் செய்யவில்லை. பாட்டி சொல்கிறார், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நாயகிக்கு 15 வயது என்பதால் மட்டும் அது இளையோர் நாவல் ஆகிவிடாது. பூமணியின் ‘வெக்கை’ (1982) நாயகனுக்கும் அதே வயதுதான், ஆனால் அது பெரியவர்களுக்கான நாவல். இருந்தாலும் அதில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: கதை அவன் செய்த காரியத்தோடுதான் தொடங்குகிறது. ஏன் செய்தான் என்பதைப் பின்னால் வரும் பக்கங்கள் சொல்கின்றன.

உங்கள் கதையிலும் செல்வி முதல் அத்தியாயத்திலேயே, யாரையும் கேட்காமல், திரும்பப் பெற முடியாத ஒரு காரியத்தைச் செய்யட்டும். பெரிய சாகசம் வேண்டாம். திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அவளைக் கூட்டிப்போவதாகச் சித்தி அம்மாவிடம் பேசி முடித்திருக்கிறார். செல்வியோ அம்மாவின் கையெழுத்தைத் தானே போட்டு, குன்னூரில் பதினோராம் வகுப்புக்கும் விடுதிக்கும் விண்ணப்பித்துவிடுகிறாள். இப்போது அவளுக்கு ஒரு பொய், ஒரு கெடு, ஒரு பயம் மூன்றும் வந்துவிட்டன. குடும்பத்தில் எஸ்டேட் வேலைக்கு ஆள் இருந்தால்தான் லைன் வீடு, அதாவது தோட்டம் தொழிலாளருக்குக் கொடுக்கும் வரிசை வீடு. அம்மாவுக்குப் பிறகு யார் என்ற கேள்வி அந்த வீட்டில் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் அம்மா தடுப்பதற்கும் நியாயம் இருக்கிறது. அவரைக் கொடுமைக்காரி ஆக்கிவிடாதீர்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால்தான் செல்வியின் முடிவுக்குக் கனம் வரும்.

பாட்டியின் வரலாற்றைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது அருமையான சரக்கு, ஆனால் மொத்தமாக முன்னால் கொட்டிவிட்டீர்கள். விண்ணப்பத்தோடு வைக்கச் செல்விக்கு ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது. அதற்குப் பழைய தாள் ஏதாவது கொண்டுவா என்கிறார்கள். அவள் தகரப்பெட்டியைத் திறக்கிறாள். தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை கிடைக்கிறது. அதிலே ஒரு சிறுமியின் பெயர். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1973இல் வந்தவருக்கு இன்று 15 வயதுப் பேத்தி என்றால், வரும்போது அவருக்கு 13, 14 வயதுதான் இருந்திருக்கலாம். நீங்களோ முதல் வரியிலிருந்தே அவரைப் பாட்டியாகவே காட்டுகிறீர்கள். தன்னைவிடச் சின்னவளை யாரோ கேட்காமலே கப்பலேற்றினார்கள் என்று செல்விக்குத் தெரியும் இடம்தான் இந்த நாவலின் நெஞ்சு. அதைப் பாதியில், பத்து பதினொன்றாம் அத்தியாயத்தில் வையுங்கள். அதற்கு முன்னால் பாட்டியின் கதை அரைப்பக்கம், ஒரு பக்கம் என்று நாலைந்து இடத்தில் வந்தால் போதும், அதுவும் செல்விக்கு ஏதோ ஒன்று தேவைப்படும்போது மட்டும்.

தகவல் பிழைகளையும் திருத்திவிடுங்கள், இளம் வாசகர்கள் கூகுளில் தேடிப் பார்ப்பவர்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்துவிட்டது. 1973இல் தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது, பிறகு மண்டபம் முகாம். இவர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப வழிசெய்த சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபரில் கையெழுத்தானது. நீங்கள் எழுதியபடி 1968 அல்ல. 1968 என்பது, திரும்பி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க அரசு தேயிலைத் திட்டத்தைத் தொடங்கிய ஆண்டு. பின்னால் டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது அதுதான். இரண்டையும் குழப்பியிருக்கிறீர்கள். அப்புறம், ஜூன் மாதம் கோத்தகிரியில் அடைமழை என்று ஆரம்பிக்கிறீர்கள். ஜூன், ஜூலையில் கொட்டுவது கூடலூர், பந்தலூர்ப் பக்கம். கோத்தகிரிச் சரிவுக்குப் பெருமழை பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில். மலையைப் பற்றி எழுதினால் குறிஞ்சியைப் பூக்கவைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை, அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் படங்கு (இலை பறிப்பவர்கள் இடுப்பில் சுற்றும் முரட்டுத் துணி) கட்டி நிற்கும் அம்மாவின் இடுப்பையும், தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய, அதாவது கிளை கழித்த காட்டில் விறகு பொறுக்குவதையும் எழுதுங்கள். ‘இரண்டு இலை, ஒரு மொட்டு’ எல்லாரும் எழுதியாகிவிட்டது.

17ஆம் அத்தியாயத்துக்கு வருவோம். டீச்சர் பேச, செல்விக்குத் தைரியம் வந்துவிடுகிறது என்கிறீர்கள். அது டீச்சரின் தைரியம். இந்த வகை நாவல்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான், அதிலும் எழுதுபவர் ஆசிரியராக இருந்தால் இன்னும் சுலபமாகச் சறுக்கும். டீச்சர் இருக்கட்டும். ஆனால் அன்று விடுப்பில் இருக்கட்டும், அல்லது அவர் சொல்லும் கடைசித் தேதி தவறாக இருக்கட்டும். அந்தச் சான்றிதழுக்காகச் செல்வி தனியாகத்தான் தாலுகா அலுவலகப் படி ஏற வேண்டும். முதல் முறை தோற்றுத் திரும்ப வேண்டும். இரண்டாம் முறை அவள் என்ன மாற்றிச் செய்கிறாள் என்பதில்தான் அவள் வளர்ந்தது தெரியும்.

பேச்சுப் போட்டியும் அதே கோளாறு. ஊர் கைதட்டினால்தான் அவள் வலிமையானவள் என்று ஆகிவிடுகிறது. கள்ளக் கையெழுத்தை அம்மாவிடம் அவளே ஒத்துக்கொள்ளும் இரவைக் கடைசியில் வையுங்கள். அம்மா உடனே மன்னிக்க வேண்டாம்.

திருத்தும்போது ஒரு சிவப்புப் பென்சில், ஒரு நீலப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் முக்கிய முடிவை எடுப்பது செல்வி என்றால் நீலக் கோடு, பெரியவர்கள் என்றால் சிவப்பு. அடுத்தடுத்து இரண்டு சிவப்பு வந்தால் அந்த இடம் தொய்கிறது என்று அர்த்தம். ‘அவளுக்குள் ஏதோ மாறியது’, ‘தன்னம்பிக்கை பிறந்தது’ போன்ற வரிகளை அடித்துவிட்டுப் படியுங்கள். மாற்றம் அப்போதும் தெரிந்தால் வரி தேவையில்லை. தெரியாவிட்டால் காட்சி இன்னும் எழுதப்படவில்லை. அத்தியாயம் 1,500 சொல்லைச் சுற்றி நிற்கட்டும்.

மறுபடி படிக்கக் கொடுக்கும்போது உங்கள் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். மிஸ் எழுதியதை யார் குறை சொல்வார்கள்? பெயர் போடாமல், வேறு பள்ளியில் தெரிந்தவர் மூலம், முதல் மூன்று அத்தியாயம் மட்டும் கொடுங்கள். ‘எப்படி இருந்தது’ என்று கேட்க வேண்டாம். போரடித்த இடத்தில் ஓரத்தில் ஒரு பெருக்கல் குறி போடச் சொல்லுங்கள். இரண்டு பேர் ஒரே பக்கத்தில் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டியதுதான். நாலாவது அத்தியாயத்தை அவர்களாகக் கேட்கிறார்களா என்று பாருங்கள்.

பாட்டியின் ஆறு அத்தியாயம் சுருங்கினால் நாவல் 30 ஆயிரம் சொல்லுக்கு வரும். டெம்மி அளவில், பக்கத்துக்கு 200 முதல் 250 சொல் என்று வைத்தால், 120 முதல் 150 பக்கம். பத்தாம் வகுப்புப் பிள்ளை கையில் எடுக்கத் தயங்காத தடிமன்தான்.