பரணில் கிடக்கும் கல்யாணப் பரிசுகள்: எதை வைத்துக்கொள்வது, எப்படிக் காப்பது?

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி 35 வருஷம் ஆகிறது. இப்போது சின்ன வீட்டுக்கு மாறப்போகிறோம். பரணைக் காலி செய்ததில் நாலு பெட்டி நிறையக் கல்யாணப் பரிசுகள் கிடைத்தன. கறுத்துப்போன வெள்ளிச் சாமான்கள், பித்தளைப் பாத்திரங்கள், ஒருமுறைகூடப் பிரிக்காத கண்ணாடி டம்ளர் செட், படங்கள் ஒட்டிக்கொண்ட ஆல்பம், கல்யாண வீடியோ கேசட், தாத்தா தன் கல்யாணத்துக்கு வந்ததை எனக்குக் கொடுத்த அலாரம் கடிகாரம், என் கல்யாணப் பட்டு. எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். பிள்ளைகளுக்கு எதுவும் வேண்டாமாம். எனக்கோ ஒன்றையும் விட மனசில்லை. எதை வைத்துக்கொள்வது? வைத்துக்கொள்வதை எப்படிப் பாதுகாப்பது?

பதில்: பாலிஷ் டப்பாவையும் துணியையும் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுங்கள். ஒவ்வொரு பொருளாக வெளியே எடுக்கும்போதே யார் கொடுத்தது, அவர் உங்களுக்கு என்ன உறவு, அது வீட்டில் எங்கே இருந்தது, யார் கைபட்டு நெளிந்தது என்று நாலு வரி எழுதிவிடுங்கள். கறுத்த வெள்ளி இன்னும் பத்து வருஷம் காத்திருக்கும். அந்தத் தட்டின் விளிம்பு எப்படி நசுங்கியது என்பது உங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். பழைய பொருள்களைப் பழுதுபார்த்துக் காக்கும் என் வேலையில் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். சாமான் நன்றாகவே இருக்கும், “இது யாருடையது?” என்று கேட்டால், “பாட்டியுடையதாக இருக்கலாம்” என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

எழுதும்போது கணவரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருவர் சொல்வதும் பல இடங்களில் ஒத்துப்போகாது. சண்டை வேண்டாம், இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பொருளின் மேல் ஸ்டிக்கரோ செல்லோடேப்போ ஒட்டாதீர்கள். அந்தப் பசை நாளடைவில் மஞ்சளாகி உள்ளே ஊறிவிடும். சின்ன அட்டையில் பென்சிலால் எண் போட்டு, வெள்ளைப் பருத்தி நூலால் கட்டினால் போதும். மீதி விவரம் நோட்டில் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் திருப்பி அடியையும் பாருங்கள். தேய்ந்துபோன இரண்டு எழுத்து, ஒரு தேதி, கடைக்காரர் முத்திரை ஏதாவது இருக்கும். டம்ளர் செட்டின் அட்டைப்பெட்டி மூடிக்குள் வாழ்த்துச் சீட்டு செருகியிருந்தால் அதுவும் அந்தப் பொருளோடு சேர்ந்ததுதான்.

சரி, எதை வைத்துக்கொள்வது? உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கைக்கு வந்துவிட்ட பொருளுக்கு நாம் தானாகவே மதிப்பைக் கூட்டிவிடுகிறோம். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களில் ஒரு பாதிப் பேருக்குச் சாதாரணக் காபிக் கோப்பை ஒன்றைக் கொடுத்தார்கள். அதை விற்க அவர்கள் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் கொடுக்கத் தயாராக இருந்ததைப்போல் சுமார் இரண்டு மடங்கு. சற்றுமுன் கைக்கு வந்த கோப்பைக்கே இப்படி என்றால், 35 வருஷம் கூடவே இருந்த சாமானுக்குக் கேட்க வேண்டுமா?

உங்கள் பக்கமும் நியாயம் உண்டு. 1970-களில் சிகாகோ பகுதியில் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரிடம், வீட்டிலேயே உங்களுக்கு முக்கியமான பொருள் எது என்று கேட்டு ஓர் ஆய்வு நடந்தது. விலை உயர்ந்தது என்பதற்காகச் சொன்னவர்கள் குறைவு. அதோடு கலந்துவிட்ட ஆட்களையும் நினைவுகளையும்தான் பெரும்பாலோர் காரணமாகச் சொன்னார்கள். அதனால் பெட்டியில் எது விலை போகும் என்று பிரிக்காதீர்கள். எதை எடுத்தால் ஒரு ஆள் ஞாபகத்துக்கு வருகிறார் என்று பாருங்கள். யாரும் வரவில்லையா, நோட்டிலும் எழுத ஒன்றும் இல்லையா, அது போகட்டும். ஒரே ஆளை ஞாபகப்படுத்தும் பொருள் மூன்று இருந்தால், அதிகம் புழங்கிய ஒன்று போதும். என்னைக் கேட்டால், அலமாரியில் சும்மா நின்ற வெள்ளிக் கிண்ணத்தைவிட, தினமும் கையில் புரண்டு காம்பு தேய்ந்த கரண்டிக்குத்தான் முதலிடம்.

கொடுக்க முடிவு செய்ததைப் படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள். 2017-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழக விடுதிகளில் இதைச் சோதித்தார்கள். நினைவுக்குப் படம் எடுத்துக்கொண்டு பொருளைத் தாருங்கள் என்று கேட்ட விடுதிகளில் 613 பொருள்கள் சேர்ந்தன. வெறுமனே தாருங்கள் என்று கேட்ட இடங்களில் 533. மலையளவு வித்தியாசம் இல்லை, ஆனாலும் மனசு கொஞ்சம் இளகுகிறது. அழகுக்காக நின்ற பொருளுக்குப் படம் போதும். கனமும் நெளிவும் கைக்குப் பழகிய பொருளுக்குப் படம் போதாது, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி காக்கும் வேலை. இதில் அவசரம் கேசட்டுக்குத்தான். வீடியோ கேசட் நாடாவின் ஆயுள் பொதுவாக 10 முதல் 30 வருஷம் என்பார்கள். உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. வீடுகளில் அதிகம் புழங்கிய வி.எச்.எஸ். ரகக் கேசட் 1976-இல் சந்தைக்கு வந்தது. அந்த ரகப் பிளேயரைக் கடைசிவரை தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. போட்டுப் பார்க்க வழி இருக்கும்போதே கணினிக் கோப்பாக மாற்றிவிடுங்கள். பரணில் பழைய பிளேயரும் கிடக்கிறதே என்று கேசட்டை அதில் தள்ளிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் ரப்பர் உருளையும் பெல்ட்டும் இறுகிப்போயிருந்தால் நாடாவைச் சுருட்டிக் கசக்கிவிடும். கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாச் சுருளை வெளிச்சத்தில் பாருங்கள். விளிம்பில் வெள்ளைப் பொடி போலத் தெரிந்தால் அது பூஞ்சை. மாற்றித் தருபவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவருடைய கருவி வழியாக அடுத்தவர் கேசட்டுக்கும் போகும். டிவிடி மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் கோப்பாகவும் கேளுங்கள். இரண்டு பிரதி எடுத்து வேறு வேறு வீட்டில் வையுங்கள்.

அடுத்தது ஆல்பம். பக்கத்தில் பசைக் கோடும் மேலே பிளாஸ்டிக் தாளும் இருக்கும் ரகம்தானே? அந்தப் பசைதான் வில்லன். படத்தைப் பிய்க்க முயலும் முன் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்துவிடுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி என்று வைத்தால் பிறகு பெரிதாக்கவும் தாங்கும். அப்புறம், பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் மெழுகில்லாத நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே விட்டு, மெல்ல அறுப்பதுபோல இழுங்கள். நகரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தண்ணீர் தொடவே கூடாது. சட்டம் போட்ட படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள், கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். பழைய வண்ணப் படத்தின் சாயம் இருட்டில் வைத்தாலும் மெல்ல வெளிறும். கறுப்பு வெள்ளைப் படம் ஒழுங்காக வைத்தால் அதைவிட நெடுநாள் தாங்கும்.

தாத்தாவின் கடிகாரத்தைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கை. இருட்டில் ஒளிரும் எண்களும் முட்களும் கொண்ட பழைய கடிகாரங்களில் கதிர்வீச்சு உள்ள ரேடியம் கலந்த வண்ணம் பூசுவார்கள். 1960-கள் வரை அது புழக்கத்தில் இருந்தது. இப்போது ஒளிரவில்லையே என்று நம்பிவிடக் கூடாது. ஒளியைத் தந்த வேதிப்பொருள்தான் செத்துப்போயிருக்கும். ரேடியம் அப்படியேதான் இருக்கும்; அது பாதியாகக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும். கண்ணாடி உடையாமல் மூடியிருக்கும்வரை அலமாரியில் வைக்கலாம். திறப்பது, முட்களைச் சுரண்டுவது, பிள்ளைகள் விளையாடக் கொடுப்பது எதுவும் வேண்டாம். பழுதுபார்க்கக் கொடுத்தாலும் இதைச் சொல்லியே கொடுங்கள்.

வெள்ளி கறுப்பது அழுக்கால் அல்ல. காற்றில் இருக்கும் கந்தக வாயு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு என்ற மெல்லிய படலமாகிறது. ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, செய்தித்தாள் எல்லாம் கந்தகத்தை வெளிவிடக்கூடியவை, அதனால் இவற்றில் சுற்றிவைத்த வெள்ளி சீக்கிரம் கறுக்கும். ரப்பர் பேண்ட் போட்ட கரண்டியில் அந்தக் கோடு மட்டும் மை தீட்டியதுபோலப் பதிந்திருப்பதை இப்போதே உங்கள் பெட்டியில் பார்க்கலாம்.

இதற்கு எளிய வழி உண்டு. ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, வெள்ளி அதைத் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, சமையல் சோடா கரைத்த சுடுதண்ணீரை ஊற்றுங்கள். லேசான கந்தக வாடை வரும். கறுப்புப் படலத்தில் இருந்த கந்தகம் பிரிந்து போய், வெள்ளி வெள்ளியாகவே தட்டில் தங்கிவிடும். பாலிஷ் போட்டுத் தேய்க்கும்போது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உலோகமும் சேர்ந்து போகிறது; இதில் போகாது. கழுவிப் பருத்தித் துணியால் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். ஆனால் கல் பதித்தது, உள்ளே அரக்கு நிரப்பிய கைப்பிடி, வேலைப்பாட்டின் பள்ளங்களில் அழகுக்காகவே கறுப்பு விட்டது, இவற்றை முக்கக் கூடாது. பற்பசையால் தேய்ப்பதை மறந்துவிடுங்கள், அது வெள்ளியைக் கீறும். விளிம்பிலும் மேடான இடங்களிலும் மஞ்சளாகவோ செம்பு நிறமாகவோ தெரிந்தால் அது வெள்ளி முலாம் பூசியது. தேய்க்கத் தேய்க்க முலாம் போய்விடும்.

பொறித்த பெயரைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். எழுத்தின் ஓரம் கூராக இல்லாமல் மழுங்கியிருந்தால் அந்தப் பொருளுக்கு இனிப் பாலிஷே வேண்டாம். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, ஜிப் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். அதைவிட நல்லது அடிக்கடி எடுத்துப் புழங்குவது. தினம் கழுவித் துடைக்கும் வெள்ளி அவ்வளவாகக் கறுப்பதில்லை.

பித்தளைக்கு அதிகம் சொல்ல இல்லை. செம்பும் துத்தநாகமும் கலந்தது அது. புளிப்பான எதிலும் நெடுநேரம் ஊறவைத்தால் துத்தநாகம் கரைந்து, இளஞ்சிவப்புத் திட்டுகள் விழும். சமைப்பதாக இருந்தால் உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். இதற்குப் பூசுவது வெள்ளீயம். அது 232 டிகிரி செல்சியஸில் உருகும், ஆகவே வெறும் பாத்திரத்தை அடுப்பில் காயவிடாதீர்கள்.

பட்டு எப்போதும் மடிப்பில்தான் முதலில் விடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மடிப்புக் கோட்டில் ஊசிக்கீறல் போல வெளிச்சம் தெரிந்தால் அதை இனி உடுத்தவும் வேண்டாம், துவைக்கவும் வேண்டாம். நன்றாக இருந்தால், கறை எதுவும் இல்லாமல் சுத்தம் செய்த பிறகே உள்ளே வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத வியர்வையும் சர்க்கரைத் துளியும்தான் பிறகு மஞ்சளாகின்றன. பிளாஸ்டிக் உறை வேண்டாம், பருத்தித் துணியில் சுற்றுங்கள். சில மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுங்கள். அந்துருண்டை துணியைத் தொடக் கூடாது, சரிகையை நிச்சயமாகத் தொடக் கூடாது.

டம்ளர் செட்டுக்கு என் யோசனை, பிரித்து இன்றே புழங்க ஆரம்பியுங்கள். சுண்டினால் மணி போல நீளமாக ஒலித்து, கைக்குக் கனமாகவும் இருந்தால் மட்டும் கவனம்: அது கிரிஸ்டல் எனப்படும், நச்சான காரீயம் கலந்த கண்ணாடியாக இருக்கக்கூடும். அதில் 24 சதவீதமோ அதற்கு மேலோ காரீய ஆக்சைடு இருக்கும். அவ்வப்போது ஊற்றிக் குடிப்பது வேறு, இரவெல்லாம் பானத்தை அதிலேயே விட்டுவைப்பது வேறு. இரண்டாவது கூடாது, குழந்தைகளுக்கு அதில் கொடுக்கவே வேண்டாம்.

கடைசியாகப் பிள்ளைகள். எதுவும் வேண்டாம் என்று அவர்கள் சொல்வதற்கு, எல்லாவற்றையும் எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். படத்தையும் நோட்டில் எழுதிய நாலு வரியையும் அனுப்பி, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். செட்டைப் பிரிக்கத் தயங்க வேண்டாம். நாலு டம்ளர் ஒருவருக்கு, நாலு இன்னொருவருக்கு என்று போனால் ஒன்றும் குறைந்துவிடாது. கொடுத்த பிறகு, பத்திரமாக வைத்திருக்கிறாயா என்று கேட்கவும் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்புவதாக இருந்தால், பெட்டியில் தந்தம், ஆமை ஓடு இவற்றில் செய்தது ஏதும் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடப்பில் இருக்கும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின்படி இவை எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். பாட்டி கொடுத்த பரிசு என்பதைச் சுங்கத்தில் காரணமாக ஏற்க மாட்டார்கள்.