ஆலி எழும்பவில்லை, கிக்ஃப்ளிப்புக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. சில மாதங்களாக ஸ்கேட்போர்டு பழகுகிறேன். தள்ளி ஓட்டவும் திருப்பவும் ஓரளவு வந்துவிட்டது. ஆலி, அதாவது பலகையோடு சேர்ந்து எழும்பிக் குதிப்பது, மட்டும் வருவேனா என்கிறது. நின்ற இடத்தில் எத்தனை தடவை முயன்றாலும் முன்பக்கம்தான் தூக்குகிறது. பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்புவதே இல்லை. கூடப் பழகும் சிறுவர்கள், காற்றில் பலகையைச் சுழற்றும் கிக்ஃப்ளிப்பே போடுகிறார்கள். நானும் ஆலியை விட்டுவிட்டு நேராக அதற்குப் போய்விடலாமா? இல்லை, இந்த வயதில் எனக்கு இது வேண்டாத வேலையா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பதில்: வயதுப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஸ்கேட்போர்டு பார்க் (கிண்ணம் போன்ற குழிகளில் ஓட்டும்) பிரிவில் பிரிட்டனுக்காக இறங்கிய ஆண்டி மெக்டொனால்டுக்கு 51 வயது. பெண்கள் பார்க் பிரிவில் சீனாவுக்காக இறங்கிய ஜெங் ஹாவ்ஹாவுக்கு 11. உங்களோடு பழகும் சிறுவர்களுக்கு இருக்கும் வசதி, விழப் பயப்படாததுதான். விழுந்தாலும் அவர்களுக்குத் தரை கிட்டத்தில் இருக்கிறது.

சரி, ஆலிக்கு வருவோம். “முன்பக்கம்தான் தூக்குகிறது” என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறு அதிலேயே தெரிகிறது. டெயிலை (பலகையின் பின்நுனியை) அழுத்தினால் நோஸ் (முன்நுனி) மேலே வரும், சீசாவின் கதைதான். பலகை முழுதாக எழும்ப வேண்டுமென்றால் டெயில் தரையில் மோதிய வேகத்தில் துள்ள வேண்டும். அதைத் துள்ளவிடாமல் பிடித்து வைத்திருப்பது உங்கள் பின்கால். உடம்பின் பாரம் முழுக்க அதன்மேல் நிற்கும்போது பலகை எங்கே போகும்? இது புரியாமல் பலரும் இன்னும் ஓங்கி மிதிக்கிறார்கள். மிதிக்க மிதிக்க டெயில் தரையோடு ஒட்டிக்கொள்கிறது.

முதலில் நீங்கள் குதிக்க வேண்டும், மிதி அந்தக் குதிப்பின் கடைசியில் வருவது. முழங்காலை மடக்கி இறங்குங்கள், இரண்டு தோளும் பலகைக்கு நேராக இருக்கட்டும். எழும்பும்போது முன்காலின் பாரத்தை முதலில் எடுங்கள்; பின்கால் பலகையை உதைத்துக் கிளம்புகிற அந்தக் கடைசி நொடியில் கணுக்காலை மட்டும் சட்டென்று சுண்டுங்கள். பின்பாதத்தின் முன்பகுதி டெயிலின் நடுவில் இருந்தால் போதும், குதிகால் காற்றில் நிற்கலாம். சரியாக வந்தால் “டக்” என்று காய்ந்த சத்தம் கேட்கும். மந்தமாக ஒரு சத்தமோ உரசலோ கேட்டால் பாரம் இன்னும் டெயிலில்தான் இருக்கிறது. கண்ணைவிடக் காது இதில் நல்ல வாத்தியார்.

இதைத் தனியாகப் பழக ஒரு வழி உண்டு. முன்காலைப் பலகைக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றிக்கொண்டு, பின்காலால் மட்டும் டெயிலைத் தட்டிவிட்டு உடனே காலை மேலே இழுத்துக்கொள்ளுங்கள். பலகை தானாகவே துள்ளுவதைப் பார்ப்பீர்கள். தட்டுவதைவிட எடுப்பதுதான் பாடம் என்று அப்போது புரியும்.

முன்காலின் வேலை இதற்கு அப்புறம். அது முன்சக்கரங்களைப் பலகையோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்குக் கொஞ்சம் பின்னால் இருந்து, பாதத்தின் வெளிப்பக்கம் கிரிப் டேப்பில் (பலகையின் மேல் ஒட்டிய சொரசொரப்பான தாளில்) உரசியபடி நோஸை நோக்கி நகர்ந்து பலகையைச் சமன் செய்ய வேண்டும். உங்கள் முன்கால் ஷூவை எடுத்துப் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் துணி நைந்து சாம்பல் பூத்திருந்தால் கால் வேலை செய்கிறது. புதுசு போல இருந்தால் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

நின்ற இடத்திலேயே பழகுவதை நிறுத்திவிடுங்கள் என்பேன். முதல் சில நாள் சரி, அப்புறம் அது கெட்ட பழக்கங்களைத்தான் கொடுக்கும். தோள் லேசாகத் திரும்பினால் பலகையும் திரும்பிவிடும். நிற்கும்போது அது உறைக்காது, ஓடும்போது கீழே தள்ளிவிடும். நடக்கிற வேகத்தில் உருண்டுகொண்டே முயலுங்கள். பயமாக இருக்கும், ஆனால் பலகை நேராக நிற்கும்.

கிக்ஃப்ளிப் இப்போது வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் ராட்னி முல்லன் சமதரையில் ஆலியைக் கொண்டுவந்தார். கிக்ஃப்ளிப்பை அவரே அதற்குப் பிறகுதான் உருவாக்கினார். ஆலி எழும்பும்போது முன்பாதத்தால் ஓரத்தைத் தட்டிப் பலகையைச் சுழற்றுவதுதான் அது. உயரமே இல்லாமல் சுழற்றினால் பலகையின் விளிம்பு நேராக முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வந்து அடிக்கும். வேறு ஏதாவது வேண்டும் என்று கை அரிக்கிறதா? ஷவ்-இட் பழகுங்கள். அதற்கு ஆலி தேவையில்லை, பின்காலால் பலகையை அரைச்சுற்று சுழற்றிவிட்டு அதன்மேல் இறங்க வேண்டும், அவ்வளவுதான். மேனுவலும் (முன்சக்கரங்களைத் தூக்கிப் பின்சக்கரங்களில் மட்டும் உருளுவது) நல்லது, எடை எங்கே இருக்கிறது என்பதைப் பாதத்துக்குச் சொல்லிக்கொடுக்கும்.

இறங்கும்போது ஒரு கால் பலகையிலும் ஒரு கால் தரையிலுமாக ஊன்றுகிற வழக்கம் உங்களுக்கு இருக்கலாம். தொடங்கும் பலருக்கும் உண்டு. அதைக் கண்டிப்பாக விடுங்கள். பலகை ஓடிவிட்டால் கால் இரண்டும் பிளந்துகொள்ளும், இடுப்புப் பக்கம் தசை பிடிக்கும். இரண்டு காலும் பலகையில், இல்லையென்றால் இரண்டும் தரையில். விழும்போது கையை விறைப்பாக நீட்டி ஊன்றவும் கூடாது, முதலில் போவது மணிக்கட்டு. ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் சிறுவர்கள் போடாவிட்டாலும் நீங்கள் போடுங்கள்.

பலகையையும் ஒருமுறை பாருங்கள். பிளாஸ்டிக் டெக்கோ (கால் வைக்கும் பலகை) பெரிய மெத்தென்ற சக்கரமோ இருந்தால் அது ஊர்சுற்றத்தான். தொடங்குகிறவர்களில் பலருக்கு 8 முதல் 8.25 அங்குல அகல மர டெக், 52 முதல் 54 மில்லிமீட்டர் சக்கரம், சக்கரத்தின் கெட்டித்தன்மையைச் சொல்லும் அளவில் 99ஏ பொருந்தும்.

பக்கவாட்டில் போனை நிறுத்தி மெதுவோட்டத்தில் படம் எடுத்துப் பாருங்கள். டெயில் தரையைத் தொடும் இடத்தில் நிறுத்துங்கள். இடுப்பு மேலேறி, பின்கால் நீண்டு நுனிவிரலில் நின்றால் நீங்கள் குதித்திருக்கிறீர்கள். முழங்கால் மடங்கியே இருந்தால் இன்னும் உட்கார்ந்துகொண்டுதான் மிதிக்கிறீர்கள். உருண்டுகொண்டே தரையில் கிடக்கும் ஒரு குச்சியை நான்கு சக்கரமும் படாமல் தாண்டத் தொடங்கிய பிறகு கிக்ஃப்ளிப் பற்றி எழுதுங்கள், பேசலாம்.