கிரில் கேட் சாவி யாரிடம்?

பள்ளிக்கூடப் பாதுகாப்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, தீயணைப்பு நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

என் மகள் தனியார் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்பு. வகுப்பறை இரண்டாவது மாடியில். பிரேயர் முடிந்ததும் மாடிப்படி கிரில் கேட்டைப் பூட்டி, சாவியை ஆபீஸில் வைத்துவிடுகிறார்கள். கேட்டால், "பிள்ளைகள் ஓடிப்போய் விழுந்துவிடக் கூடாதே என்றுதான். எங்களிடம் எல்லா சர்டிபிகேட்டும் இருக்கிறது" என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?
- ஒரு வாசகி, அரூர்

சர்டிபிகேட் இருக்கும் அம்மா, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தனியார் பள்ளி அங்கீகாரம் வாங்கவும் புதுப்பிக்கவும் நான்கு தாள் கேட்பார்கள். பொறியாளர் தரும் கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, எங்கள் துறையின் தீயணைப்புச் சான்று. கட்டட உரிமத்துக்கு அடிப்படை 1965-ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டம். அதற்கு முந்தைய ஆண்டுதான் மதுரையில் சரஸ்வதி பள்ளிக் கட்டடம் இடிந்து 30-க்கும் மேற்பட்ட மாணவிகள் இறந்தார்கள். மதுரைப் பக்கம் வயதானவர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள்.

2004 ஜூலை 16 கும்பகோணத்தை உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. சமையல் கொட்டகையில் பிடித்த தீ மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. குறுகலான படிக்கட்டு. 94 பிள்ளைகள். அப்போது நான் வேறு மாவட்டத்தில் வேலையில் இருந்தேன். அடுத்த சில வாரங்களில் கீற்று போட்ட பள்ளிக்கூடம் எங்கே என்று தேடித் தேடிப் போனோம். கூரைகள் வேகமாக இறங்கின, அதை மறுக்க மாட்டேன். கூரைமேல் பதிந்த கண் படிக்கட்டுப் பக்கம் அவ்வளவு பதியவில்லை என்பது என் வருத்தம். கீற்று தெருவிலிருந்தே தெரியும். பூட்டைப் பார்க்க வேண்டுமானால் வகுப்பு நடக்கிற நேரத்தில் உள்ளே போக வேண்டும். ஆய்வுக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் எல்லா கேட்டும் விரியத் திறந்துதான் இருக்கும்!

உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது. கும்பகோணத்துக்குப் பிறகு போடப்பட்ட ஒரு பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அதில் அடக்கம் என்றது. அங்கீகாரம் கொடுப்பதற்கு முன், தேசியக் கட்டட விதித்தொகுப்பின் பாதுகாப்பு விதிகளின்படி கட்டடம் இருக்கிறதா என்று மாநில அரசு பார்த்தாக வேண்டும் என்றும் உத்தரவிட்டது. தீயணைப்புக் கருவி வைத்தால் மட்டும் போதாது, ஆசிரியர்களுக்கு அதை இயக்கப் பயிற்சியும் தர வேண்டும் என்றது. அந்த விதித்தொகுப்பைப் புரட்டினால் உங்களுக்கு வேண்டிய வரி அப்படியே இருக்கிறது: வெளியேறும் வழியிலுள்ள கதவை, உள்ளே இருப்பவர் சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். ஆக, சாவி ஆபீஸில் இருப்பது விதிக்கு நேர் எதிர். சுவரில் எத்தனை சான்றிதழ் மாட்டியிருந்தாலும் சரி.

பள்ளியின் பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். சின்னப் பிள்ளைகள் ஓடத்தான் செய்யும். அதற்குக் கேட் அருகே ஒரு ஆயாவை உட்கார வைக்கலாம். உள்பக்கம் ஆசிரியர் கை எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள் போடலாம். பூட்டு எதற்கு?

முதலில் தாளாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இன்னும் நாலைந்து பெற்றோர் கையெழுத்துப் போட்டால் நல்லது, ஒற்றை ஆளின் பிள்ளையைத்தான் முறைப்பார்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். அசையவில்லை என்றால் தனியார் பள்ளிகளுக்கென்றே இருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும், மாவட்டத் தீயணைப்பு அலுவலருக்கும் அனுப்புங்கள். சான்றுகளைப் பார்க்க வேண்டுமா? வட்டாட்சியர் அலுவலகத்திலும் கல்வி அலுவலகத்திலும் நகல் இருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி மனு கொடுத்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். எந்தத் தேதிவரை செல்லும் என்பதைச் சேர்த்துக் கேளுங்கள். பலபேர் அதை விட்டுவிடுகிறார்கள்.

ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியை. ஒத்திகை நடத்துங்கள் என்று சுற்றறிக்கை வருகிறது. எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆசிரியர்கள் குறைவு, பிள்ளைகள் பயந்துவிடுவார்களோ என்றும் யோசனை.
- ஒரு ஆசிரியை, திருத்துறைப்பூண்டி

டீச்சர், ஆள் குறைவாக இருக்கும் பள்ளிக்குத்தான் ஒத்திகை ரொம்ப அவசியம். செலவு ஒன்றும் இல்லை.

முதலில் மணி. இன்டர்வெல் மணியும் ஆபத்து மணியும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. உங்கள் பக்கம் பள்ளிகளில் தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள், அதுவே போதும். நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தால் வெளியே போ என்று அர்த்தம். மின்சார மணியை நம்பாதீர்கள். தீ என்றால் முதலில் நிறுத்துவதே கரண்டைத்தான்.

அப்புறம் இடம். எல்லாரும் வந்து நிற்கும் மரத்தடி, சத்துணவுக் கூடத்தை விட்டுத் தள்ளி இருக்கட்டும். தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். வண்டி உள்ளே வரும் வழியை அடைத்துக்கொண்டும் நிற்கக் கூடாது, எங்கள் வண்டி சின்னது இல்லை.

முதல் தடவை பிள்ளைகளிடம் சொல்லிவிட்டே நடத்துங்கள். புத்தகப் பையை விட்டுவிட்டு வர வேண்டும், செருப்பைத் தேடக் கூடாது. இதைச் சொல்லிப் பழக்குவதுதான் கஷ்டம். புதுப் பை என்றால் எந்தப் பிள்ளையும் விடாது. ஆசிரியர் கையில் வருகைப் பதிவேடு இருக்க வேண்டும். மரத்தடியில் பெயர் கூப்பிட்டு எண்ணிய பிறகுதான் ஒத்திகை முடிந்தது என்று அர்த்தம். கழிப்பறைக்குப் போன பிள்ளையை எல்லாரும் மறந்துவிடுவார்கள், அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு ஆளை வையுங்கள். நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால் யார் தூக்கி வருவது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

சத்துணவு அமைப்பாளரையும் சமையலரையும் விட்டுவிட்டு ஒத்திகை நடத்தாதீர்கள். மணி கேட்டதும் சிலிண்டர் ரெகுலேட்டரை மூட வேண்டியவர் அவர்தான். ஈரச் சாக்கு ஒன்று எப்போதும் அங்கே கிடக்கட்டும்.

தீயணைப்பான் பற்றி ஒரு வார்த்தை. பவுடர் சிலிண்டரில் சின்ன வட்ட முள் இருக்கும், அது பச்சையில் நிற்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள் இருக்காது, எடை போட்டுத்தான் பார்க்க முடியும். இரண்டிலும் தேதிச் சீட்டைப் படியுங்கள். பீரோவுக்குள் வைத்துப் பூட்டிய பள்ளிகளையும் பார்த்திருக்கிறேன், திருடு போய்விடுமாம். உங்கள் ஊர் நிலையத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தால் ஆட்கள் வந்து செய்து காட்டுவார்கள். பிள்ளைகளுக்கு அது திருவிழா மாதிரி, பயமெல்லாம் இருக்காது.

கட்டடம் பழசு என்றால் அது தனிக் கதை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகு, பழுதான கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க அரசு உத்தரவிட்டது. உங்கள் பள்ளியில் அப்படி ஏதாவது மிச்சம் இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்புங்கள். உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். தலைமை ஆசிரியர் கடிதத்தை விட அவர்கள் தீர்மானத்துக்கு வேகம் அதிகம். இடிக்கும்வரை அந்தச் சுவர் பக்கம் பிள்ளைகள் போகாமல் முள்ளாவது வெட்டிப் போடுங்கள்.

பேரன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் படிக்கிறான். மாதாமாதம் பள்ளியில் டிரில், கதவைச் சாத்தி ஒளிந்துகொள்ளக்கூடப் பழக்குகிறார்கள் என்கிறான். ஏழு வயதுப் பிள்ளைக்கு இதெல்லாம் தேவையா?
- ஒரு தாத்தா, கோவை

சார், அது அந்த மாநிலத்தின் சட்டம். மாதம் ஒரு தீ ஒத்திகை, மாதம் ஒரு பாதுகாப்பு ஒத்திகை, இரண்டும் கட்டாயம். 2018 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவில் பார்க்லேண்ட் பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களில் அலிசா அல்ஹாடெஃப் என்ற 14 வயதுப் பெண் முன்பு நியூ ஜெர்சியில் வாழ்ந்தவள். மறு ஆண்டு அவள் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. ஆபத்து என்றால் சத்தமில்லாமல் போலீசுக்குச் செய்தி போகும் பொத்தான் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இருக்க வேண்டும் என்கிறது அது.

ஒளிந்துகொள்ளும் ஒத்திகை எனக்கும் உறுத்துகிறது. அங்கேயே பெற்றோர் கேள்வி எழுப்பி, பொய்த் துப்பாக்கிச் சத்தம், பொய் ரத்தம் எல்லாம் கூடாது, வயதுக்கு ஏற்றபடி நடத்த வேண்டும் என்று பின்னர் சட்டத்தில் சேர்த்தார்கள். துப்பாக்கி அவர்கள் ஊர்ப் பிரச்சினை, அதை நாம் கடன் வாங்க வேண்டாம். ஆனால் மாதம் ஒரு தீ ஒத்திகை என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். நம் சட்டங்கள் கட்டடத்திடம் சான்று கேட்கின்றன. அந்தச் சட்டம் பள்ளியிடம் இந்த மாதம் பிள்ளைகளை வெளியே கூட்டி வந்தாயா என்று கேட்கிறது. பேரன் அடுத்த லீவுக்கு வரும்போது, டிரில்லில் என்ன செய்வான் என்று செய்து காட்டச் சொல்லுங்கள்.

ஸ்கூல் வேனில் கேமரா கட்டாயமா?
- ஒரு வாசகர், தாம்பரம்

ஆமாம். 2012-இல் உங்கள் பக்கத்தில்தான் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள், அதே ஆண்டு பள்ளி வாகனங்களுக்கெனச் சிறப்பு விதிகள் வந்தன. 2022-இல் வளசரவாக்கத்தில் வேன் மோதி ஒரு சிறுவன் இறந்த பிறகு, முன்னும் பின்னும் கேமராவும் பின்னால் சென்சாரும் சேர்த்தார்கள். பள்ளி திறப்பதற்கு முன் மே மாதத்தில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மைதானத்தில் வண்டிகளை வரிசையாக நிறுத்திச் சோதிக்கும். உங்கள் வண்டி எண்ணைக் குறித்து வைத்து, அது அங்கே நின்றதா என்று பள்ளியில் கேளுங்கள். கேமரா இருந்தாலும் உதவியாளர் இறங்கி நின்று கையைக் காட்டாமல் டிரைவர் ரிவர்ஸ் எடுத்தால், அன்றைக்கே புகார் கொடுங்கள்.