கல் பங்களாவும் ஒரு கைக்குட்டையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மே மாதம் குடும்பத்தோடு கோத்தகிரி போயிருந்தோம். ஊட்டியை உருவாக்கிய ஜான் சல்லிவன் கட்டிய மாளிகை கன்னேரிமுக்கில் இருக்கிறது என்றார்கள். போய்ப் பார்த்தால் சிவப்புச் சாயம் பூசிய சின்ன மாடி வீடு, உள்ளே பழைய புகைப்படங்கள். பத்து நிமிடத்தில் பிள்ளைகள் வெளியே ஓடிவிட்டார்கள், நாங்களும் கிளம்பிவிட்டோம். ஊட்டியில் அவர் கட்டிய ஸ்டோன்ஹவுஸாவது பார்க்கும்படி இருக்குமா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

பிள்ளைகள் ஓடியதில் தப்பில்லை. நீங்கள் ஏன் பின்னாலேயே ஓடினீர்கள்? 1819-இல் வண்டிப் பாதைகூட இல்லாத மலைக்கு வந்த கோவை கலெக்டரின் வீடு அது. அரண்மனையை எதிர்பார்த்துப் போனது உங்கள் குறை. என் சின்ன வயதில் அது இடிந்து கிடந்தது. செப்பனிட்டு நிறுத்தியவர்களை நினைத்தாவது இன்னும் கொஞ்சம் நேரம் நின்றிருக்கலாம்.

அப்புறம், அந்த ‘உருவாக்கிய’ என்ற சொல். பல நாளாக எனக்கு அது உறுத்துகிறது. ஊட்டி ஏரியை அமைத்தார், சீமைக் காய்கறிகளைப் பயிரிட வைத்தார், எல்லாம் சரி. ஆனால் ஸ்டோன்ஹவுஸ் எழுந்த நிலத்தை ஏக்கர் ஒரு ரூபாய்க்குத் தோடர்களிடமிருந்துதான் வாங்கினார். ஆளில்லாத மலை என்றால் யார் கையில் அந்தக் காசைக் கொடுத்தார்? எருமை மேய்த்து, மந்து என்ற குடியிருப்புகள் கட்டி வாழ்ந்தவர்கள் இருந்தார்கள். இந்த மலை அவர்களுடையது என்று சல்லிவனே அரசாங்கத்தோடு வாதாடினார். அவருக்குத் தெரிந்தது இருநூறு வருஷம் கழித்தும் நமக்குத் தெரியவில்லை. பிள்ளைகளிடம் ‘ஊட்டியைக் கண்டுபிடித்தவர்’ என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

ஊட்டியில் அப்பா என்னை முதலில் கூட்டிப்போன இடம் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டம். சல்லிவனின் மனைவி ஹென்றியட்டாவும் மகள் ஹாரியட்டும் 1838-இல் இறந்து அங்கேதான் அடக்கமானார்கள். அப்பா கைக்குட்டையால் பாசியைத் துடைத்துத் துடைத்து, எழுத்துக் கூட்டி எனக்கு வாசித்துக் காட்டினார். கைக்குட்டை முழுக்கப் பச்சை. 1841-இல் சல்லிவன் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார் என்றும் சொன்னார். “இவங்களை இங்கேயே விட்டுட்டு எப்படிப்பா கப்பல் ஏறினார்?” என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. கைக்குட்டையை உதறி மடித்து, ஈரத்தோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஸ்டோன்ஹவுஸ் கேட்டீர்கள். அங்கே 1955-லிருந்து அரசு கலைக் கல்லூரி நடக்கிறது, அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். அதற்கு முன்னால் பிள்ளைகளோடு அந்தக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்வாருங்கள். சரிவான இடம், மழை பெய்திருந்தால் வழுக்கும். சின்னவன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.