இலக்கிய வட்டம் ஒரு கவிஞருக்கு எதற்கு? கவிதை தனிமையில்தானே பிறக்கிறது?

இலக்கிய வட்டம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, எழுதுகிற சிலரும் வாசிக்கிற சிலரும் அவ்வப்போது கூடி, எழுதியதைப் படித்துக் காட்டி, பேசிச் சண்டை போட்டுக்கொள்ளும் கூட்டம். சில சமயம் ஒரு சிற்றிதழே வட்டமாகிவிடும். சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ அப்படித்தான், வேறு பத்திரிகைகள் தயங்கிய புதுக்கவிதைக்கு அங்கே இடம் கிடைத்தது. கோவையில் 1970களில் ‘வானம்பாடி’ என்ற சிற்றிதழைச் சுற்றியிருந்த கவிஞர்களும் இப்படிச் சேர்ந்தவர்களே.

சரி, ஏன் தேவை? கவிதை தனியாகத்தான் பிறக்கிறது, ஆனால் எழுதியவருக்குத் தன் வரி பழகிப்போய்விடும், மனதில் இருப்பது தாளிலும் வந்துவிட்டதாகவே தோன்றும். சமைத்துக்கொண்டே ருசி பார்த்த நாக்குக்கு உப்பு கூடியது தெரியாது, புதிதாக வாயில் வைப்பவர் உடனே சொல்லிவிடுவார், அதே கதைதான். அப்புறம், அடுத்த கூட்டத்துக்கு எதையாவது கொண்டுபோக வேண்டுமே என்ற நெருக்கடி இருக்கிறதே, பாதி உத்வேகம் அதிலிருந்துதான் வருகிறது என்பேன். பாராட்டு மட்டுமே கிடைக்கும் வட்டத்தால் பயனில்லை.

வட்டத்தில் சேர்ந்தால் எல்லோரும் ஒரே மாதிரி எழுதத் தொடங்கிவிடுவார்கள் என்று பலர் பயப்படுகிறார்கள், ஆனால் ‘எழுத்து’வில் எழுதிய ந. பிச்சமூர்த்தியையும் சி. மணியையும் பிரமிளையும் அடுத்தடுத்துப் படித்தால் மூன்று குரல்களும் வேறு வேறாகவே கேட்கும்.