புராஸ்டேட் புற்றுநோய் பரம்பரையாக வருமா? கேளுங்கள், சொல்கிறேன்

கும்பகோணம், வயது 44: அப்பாவுக்கு 62 வயதில் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. எனக்கும் கட்டாயம் வருமா சார்?

கட்டாயம் எல்லாம் இல்லை தம்பி. அப்பாவுக்கு இருந்தால் மகனுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு, கூடப்பிறந்தவருக்கு இருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். உங்கள் வயதுக்கு இப்போதே ஒரு சிறுநீரியல் மருத்துவரை (யூராலஜிஸ்ட்) பார்த்து பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பற்றிப் பேசிவிடுங்கள். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி விடுகிற ஒரு புரதம் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்ப்பதுதான் அது.

திருவாரூர்: அப்பா வழியில் யாருக்கும் இல்லை. அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய். ஆம்பிளைகள் நாங்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

எல்லாரும் கோட்டைவிடுகிற இடம் இதுதான். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டால் பங்காளி வீட்டுக் கதை முழுக்கச் சொல்வார்கள், அம்மா வழியைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள். பிஆர்சிஏ2 என்று ஒரு மரபணு இருக்கிறது, அறுந்துபோன டிஎன்ஏவை ஒட்டவைப்பது அதன் வேலை. அது பழுதானால் பெண்களுக்கு மார்பகம், சினைப்பை. ஆண்களுக்கு புராஸ்டேட், அதுவும் இளவயதில், வேகமாகப் பரவுகிற வகையாக வரலாம். அம்மாவிடம் அந்தப் பழுது இருந்தால் உங்களுக்கு வந்திருக்க சரிபாதி வாய்ப்பு, மகன் மகள் என்ற பேதமே அதற்குக் கிடையாது. முதலில் அம்மாவுக்குச் சோதனை செய்யுங்கள், நோய் வந்தவரிடம் தேடினால்தான் விடை தெளிவாக இருக்கும். அவரிடம் பழுது இருந்து உங்களிடமும் இருந்தால் 40 வயதிலிருந்தே பிஎஸ்ஏ பார்த்துவர வேண்டும்.

மன்னார்குடி: அத்தை மகளைத்தான் கட்டியிருக்கிறேன். அதனால் எனக்கு ஆபத்து கூடுமா?

உங்களுக்கு அதனால் ஆபத்து அதிகமாகாது. உங்கள் மரபணு நீங்கள் பிறக்கும்போதே முடிவானது, கல்யாணம் அதை மாற்றாது. ஆனால் ஒரே தாத்தாவிடமிருந்து மேலே சொன்ன பிஆர்சிஏ2 பழுது இருவருக்குமே வந்திருந்தால் சங்கதி வேறு. பிள்ளை இரண்டு பக்கமும் பழுதை வாங்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, அப்படி வாங்கினால் ஃபான்கோனி ரத்தசோகை என்ற கடுமையான நோய் வரலாம். குடும்பத்தில் பிஆர்சிஏ2 இருப்பது தெரிந்தால் பிள்ளை பெறும் முன் இருவரும் சோதித்துக்கொள்ளுங்கள்.

சீர்காழி: பிஎஸ்ஏ 6 வந்திருக்கிறது. புற்றுநோய்தானா?

அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. வயதாகிச் சுரப்பி வீங்கினாலும், சிறுநீர்த் தொற்று இருந்தாலும் ஏறும். மருத்துவரிடம் போங்கள்.

திருவையாறு: அப்பாவுக்கு 74, எலும்புவரை பரவிவிட்டது. இனி மரபணுச் சோதனை எதற்கு, வீண்செலவு இல்லையா?

இல்லை. பரவிய நிலையில் இருப்பவர்களில் சுமார் 12 சதவீதம் பேரிடம் டிஎன்ஏவைச் சரிசெய்யும் மரபணுக்களில் பிறவிப் பழுது இருந்ததாக 2016இல் வந்த ஆய்வு சொன்னது. பிஆர்சிஏ பழுது உள்ளவர்களுக்கு, வழக்கமான ஹார்மோன் மருந்து கேட்காமல் போகும்போது ஓலாபரிப் என்ற மாத்திரை உதவக்கூடும். அப்புறம், பழுது இருப்பது தெரிந்தால் உங்கள் அண்ணன் தம்பிகளோடு தங்கைக்கும் சொல்லிவிடுங்கள்.